குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, அதிகாரிக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

செல்வி, கொருக்குப்பேட்டை
எங்கள் தெருவில் பத்து நாளாகக் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வருகிறது. விடிகாலை 5 மணிக்கு அடிபம்பில் அடித்தால் முதல் நாலைந்து குடம் கறுப்பு; முகத்தருகே கொண்டுபோக முடியாத வாடை. அப்புறம் மெல்லத் தெளிகிறது. சின்னவனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. போன வாரம் கோபத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதி நேரில் கொடுத்தேன். நகல் எடுக்கவில்லை, தேதி போட்டேனா என்றும் நினைவில்லை. மறுபடி எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணி, தண்டையார்பேட்டை
அக்கா, முதலில் பையனைப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தெளிந்த தண்ணீரும் இப்போதைக்குக் குடிக்க வேண்டாம். சென்னைக் குடிநீர் வாரியத்தின் புகார் எண்ணான 1916-க்குப் போன் போட்டு, உங்கள் புகாருக்கான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், கடிதத்துக்கு அது உதவும்.

ராயபுரம் பெரியவர்
அம்மா, அக்கம்பக்கத்தாருக்கு முப்பது வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். படிப்பவர் நாளை ஆள் அனுப்பித் தோண்டப் போகிறவர். எங்கே தோண்டுவது என்று உங்கள் கடிதம் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். எங்காவது ஓட்டை இருந்தால் பக்கத்தில் ஊறிய சாக்கடை உள்ளே இறங்கும், அடிபம்பும் அதை இழுக்கும். முதல் குடங்கள் மட்டும் கறுப்பாவது அதனால்தான். ஆகவே நேரத்தையும் குடக் கணக்கையும் அப்படியே எழுதுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்:

பெறுநர்: பகுதிப் பொறியாளர், சென்னைக் குடிநீர் வாரியம், பகுதி 4, தண்டையார்பேட்டை.
பொருள்: குடிநீரில் கழிவுநீர் கலத்தல் – கசிவைச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: 1916 புகார் எண், நாள்.
ஐயா, வணக்கம். எங்கள் தெருவில் ... தேதி முதல் காலை 5 மணிக்கு வரும் குடிநீர், முதல் ஐந்து குடம் வரை கறுப்பாகவும் சாக்கடை வாடையுடனும் வருகிறது...

கேட்பது மூன்று: கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை லாரித் தண்ணீர் அனுப்ப வேண்டும். குடிநீர் பில்லில் உள்ள சி.எம்.சி. எண் (உங்கள் வாடிக்கையாளர் எண்), போன் நம்பர், தேதி, கையெழுத்து மறக்காதீர்கள். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கண்ணாடி டம்ளரில் முதல் தண்ணீரைப் பிடித்துப் படம் எடுத்து இணையுங்கள்.

மணி
மாதா மாதம் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகத்தில் குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கும். அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே கொடுத்துவிடுங்கள், அக்கா. பதில் வராவிட்டால் கூட்டத்துக்கு நகலோடு போகலாம். அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

செல்வி
பையன் இன்று பரவாயில்லை, கஞ்சி குடித்தான். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன், ஐயா. 12-ஆம் எண் வரை நல்ல தண்ணீராம். 14-இல் இருந்து கடைசி வீடு வரை எல்லாருக்கும் கறுப்பு. இதையும் எழுதலாமா?

ராயபுரம் பெரியவர்
தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, 12 பக்கமா?

செல்வி
ஆமாம் ஐயா, மெயின் ரோடு பக்கத்திலிருந்துதான்.

ராயபுரம் பெரியவர்
அப்படியென்றால் 12-க்கும் 14-க்கும் நடுவில்தான் ஓட்டை இருக்க வேண்டும். வணக்கத்துக்கு அடுத்த முதல் வரியாக இதைப் போடுங்கள், அம்மா. இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.