கையைப் பிடித்தால் எத்தனை புள்ளி? முன்மூளைச் சோதனை அனுபவங்கள்

தலவாக்கலை தாதி:

78 வயது அம்மாயி. கொழுந்து எடுத்து ஓய்வானவர், பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு வரை. எம்.எம்.எஸ்.ஈ. என்ற பொதுவான நினைவுச் சோதனையில் 30க்கு 25. நாள், இடம், மூன்று சொல் எல்லாம் சரி. "வயசுக்கு நல்லாத்தான் இருக்காங்க" என்று திருப்பி அனுப்பிவிடக்கூடிய ஆள். மகள்தான் விடவில்லை. பால் பொங்கி வழிவதை நின்று பார்க்கிறாராம், இறக்குவதில்லையாம்.

ஃபேப் (மூளையின் முன்பகுதி செய்யும் வேலைகளைப் பார்க்கும் சிறு சோதனை) எடுத்தோம். எதிர்த் தட்டலில் நடந்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாம் ஒன்று தட்டினால் அவர் இரண்டு, நாம் இரண்டு தட்டினால் அவர் ஒன்று. 1-1-1, 2-2-2 என்று பழக்கிவிட்டு 1-1-2-1-2-2-2-1-1-2 தட்டினோம். "நீங்க ஒண்ணு தட்டுனா நான் ரெண்டு" என்று வாய் சரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, கை மட்டும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. தொடர்ந்து நாலு முறை நம்மைப் போலவே தட்டினால் 0, அதனால் 0 போட்டேன். மொத்தம் 18க்கு 7.

என் சந்தேகம் கடைசிப் பகுதி. உள்ளங்கையைத் தொட்டதும் என் இரண்டு கையையும் இறுகப் பிடித்தார். "இப்ப பிடிக்காதீங்க அம்மாயி" என்று மறுபடி தொட்டேன். மறுபடியும் பிடித்தார். 0 என்று எழுதினேன். ஆனால் மலையில் எந்தப் பாட்டிதான் நீட்டிய கையைப் பிடிக்கமாட்டார்?

நுவரெலியா, மனநலப் பிரிவு:

முதல் பிடி பாசமாக இருக்கலாம். அதனால்தான் இரண்டாவது முறை இருக்கிறது. பிடிக்காமல் இருந்தால் 3, தயங்கி "என்ன செய்யணும்?" என்று கேட்டால் 2, சொன்ன பிறகு விட்டால் 1, சொன்ன பிறகும் பிடித்தால் 0. ஆகவே நீங்கள் போட்டது விதிப்படி சரி.

ஆனால் எப்படித் தொட்டீர்கள்? அவர் கை இரண்டும் மடியில், உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கவேண்டும். நாம் பேசக்கூடாது, அவர் முகத்தைப் பார்க்கவும் கூடாது. சிரித்துக்கொண்டு கையைக் கொண்டுபோனால் அது வணக்கம் சொல்வது மாதிரிதான், யாராக இருந்தாலும் பிடிப்பார்கள். இங்கே ஒரு தாத்தாவுக்கு அப்படித்தான் இரண்டு புள்ளி அநியாயமாகப் போனது. சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடி செய்தபோது அவர் கை அசையவே இல்லை.

கண்டி, பேச்சுச் சிகிச்சை:

கையை விடுங்கள், ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிஷத்தில் சொல்லச் சொல்லும் பகுதியில்தான் நம் ஆட்களுக்கு அதிகம் அநியாயம் நடக்கிறது. மூலத்தில் 'எஸ்' எழுத்து. அதைச் 'ச' என்று அப்படியே மாற்றினால் சிலர் சகர ஒலியில் தொடங்குவார்கள், சிலர் ஸகர ஒலியில். நாங்கள் 'ப' எடுக்கிறோம். அதிலும் 'ப' என்றால் பழம், படம் மட்டுமா, பால், பூ, பெட்டி எல்லாமுமா என்று முதலே முடிவு செய்து, எல்லாருக்கும் ஒரே சொல்லில் சொல்லவேண்டும். 'ப வரிசை முழுக்கச் சொல்லலாம்' என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சொல்லாமல் விட்டால் அந்த இரண்டு பேரின் புள்ளியையும் ஒப்பிடவே முடியாது.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். 60 செக்கனில்: "பால்... பால்காரன்... பழம்... பால்... பெரியசாமி... பழனி..." பால்காரன் பாலின் நீட்சி, திரும்ப வந்த பால் எண்ணப்படாது, ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் எண்ணப்படாது. மிஞ்சியது 2. 10ம் அதற்கு மேலும் சொன்னால் 3 புள்ளி, 6 முதல் 9 வரை 2, 3 முதல் 5 வரை 1, அதற்குக் கீழே 0. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) நூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு 0. ஐந்து செக்கன் பேசாமல் இருந்தால் 'பாம்பு' என்று ஒரு உதாரணம் தரலாம், பத்து செக்கன் நின்றுபோனால் 'ப-வில் வரும் எந்தச் சொல்லும்' என்று தூண்டலாம். அதற்கு மேல் உதவி இல்லை.

எழுத்தே தெரியாதவரிடம் இதைக் கேட்காதீர்கள். ஒரு நிமிஷத்தில் மிருகப் பெயர் கேளுங்கள், ஆனால் அதை ஃபேப் கூட்டலில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

பதுளை, தொழில்வழிச் சிகிச்சை:

புள்ளியைப் பற்றியே பேசுகிறோம். வீட்டில் நடப்பதைப் பார்க்கவேண்டாமா? எங்களிடம் வந்த 70 வயதுக்காரருக்குத் தேத்தண்ணி வேலை கொடுத்தோம்: இரண்டு கோப்பை, ஒன்றில் சீனி, ஒன்று சீனியில்லாமல். மேசையில் கேத்தல், தூள், வடி, சீனி, கரண்டி, வேண்டுமென்றே ஒரு உப்புப் போத்தலும். அரை லீட்டர் தண்ணிக்கு மேல் வைப்பதில்லை, சுட்டுவிட்டால் ஆபத்து.

பச்சைத் தண்ணியைத் தூளில் ஊற்றி, வடித்து, இரண்டு கோப்பையிலும் சீனி போட்டு நீட்டினார். "சரியா இருக்கா பாருங்க" என்றதும் கோப்பைக்குள் பார்த்தார். "சரி" என்றார். மறதியைவிட எங்களுக்கு அதிகம் சொன்னது அந்த 'சரி'தான். பிழை கண் முன்னால் இருந்தும் பிழையாகத் தெரியவில்லை. உதவியையும் படிப்படியாகக் குறிக்கவேண்டும்: முதலில் 'அடுத்து என்ன?', பிறகு 'தண்ணி கொதிச்சதா?', பிறகு செய்து காட்டல், கடைசியில் கைபிடித்துச் செய்வித்தல். எந்தப் படியில் வேலை நகர்ந்தது என்பதுதான் வீட்டாருக்குத் தேவையான விஷயம்.

ஹற்றன் டொக்டர்:

முதல் பதிவுக்கு. 7 என்று கண்டதும் யாரும் 'ஃப்ரொன்டோடெம்போரல்' (மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் தேய்ந்து வரும் நோய்) என்று எழுதிவிடாதீர்கள். 12 என்ற எல்லை 2004இல் சொல்லப்பட்டது, ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களிடம் அல்சைமரையும் அதையும் பிரித்துப் பார்க்க. மூன்றாம் வகுப்புப் படித்த அம்மாயியை அந்த எல்லையில் நிறுத்துவது நியாயமில்லை. பிரஷரும் சீனி வியாதியும் உள்ளவருக்குச் சிறு இரத்தக்குழாய் அடைப்புகளாலும் இதே படம்தான் வரும்: நினைவு ஓரளவு நிற்கும், திட்டமிடலும் வேகமும் விழும். பார்க்கின்சனிலும் வரும்.

சோதனைக்கு முன்னால் கேட்கவேண்டியவை: இது எத்தனை நாளாக? சில நாட்களில் திடீரென்று வந்ததென்றால், பொழுதுக்குப் பொழுது மாறுகிறதென்றால், சலத் தொற்று, சோடியக் குறைவு பாருங்கள், ஃபேப் பிறகு. மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். அமிட்ரிப்டிலின், பென்ஸ்ஹெக்சோல், சளிக்கு வாங்கிய பிரிட்டோன் (குளோர்ஃபெனிரமின்) மாத்திரை மூன்றும் வயதானவர் மூளையை மந்தமாக்கும். தைரொயிட், பி12 பாருங்கள். மனச்சோர்வையும் கேளுங்கள், சோர்ந்தவரும் ஒரு நிமிஷத்தில் மூன்று சொல்தான் சொல்வார். ஃபேப்பில் கையை முஷ்டி–விளிம்பு–உள்ளங்கை என்று வரிசையாக மாற்றி வைக்கும் பகுதியும் உண்டு, மூட்டு வீங்கிய கையிடம் அதைக் கேட்டு 0 போடாதீர்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா? காதுக் குரும்பி இருக்கிறதா? 'பிடிக்காதீங்க' என்றது அந்த அம்மாயிக்குக் கேட்டதா?

தலவாக்கலை தாதி:

காதைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் குரும்பி அடைத்திருந்தது. எண்ணெய்த் துளி விட்டு, கழுவி எடுத்து, இரண்டு கிழமை கழித்துத் திரும்பச் செய்தோம், இந்த முறை நான் யன்னலைப் பார்த்தபடி. முதலில் பிடித்தார். "பிடிக்காதீங்க" என்றதும் விட்டார். 0 இப்போது 1, மொத்தம் 8. தட்டல் மாறவில்லை. வாய் "நான் ரெண்டு" என்கிறது, கை ஒன்றுதான் தட்டுகிறது.

பால் வைக்கும்போது மகள் பக்கத்தில் நின்று, பொங்கும் நேரத்தில் "இறக்குங்கம்மா" என்று சொன்னால் இறக்கிவிடுகிறாராம். சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.