பங்குனி வெயில்: தக்காளிப் பூ கொட்டுது, மிளகாய் சுருளுது, பீர்க்கனில் காயே இல்லை. தப்பு எங்கே?

கேள்வி – மொட்டைமாடி_திருச்சி

வணக்கம். திருச்சி, இரண்டாவது மாடிக்கு மேல் மொட்டைமாடி. காலை 7 மணியிலிருந்து மாலை 5 வரை நேர் வெயில். மொத்தம் 22 பை, எல்லாமே 12க்கு 12 அங்குலம், கறுப்பு நிறம், தளத்தில் நேரடியாக வைத்தது. கலவை: செம்மண் 1 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. நார்க்கழிவைக் கழுவவில்லை, ஊறவைத்து அப்படியே கலந்தது. தை கடைசியில் நடவு. தண்ணீர் காலை எட்டரைக்கு ஒருமுறை, பைக்கு ஒரு மக். போர் தண்ணீர்.

தக்காளி (6 பை): பூ காம்போடு உதிர்கிறது. பிடித்த நாலைந்து காயிலும் அடிப்பக்கம் பழுப்பாகி, பிறகு கறுத்து, தோல்செருப்பு மாதிரி தட்டையாகிவிட்டது.

மிளகாய் (5 பை): மூன்று செடியில் இலை மேல்நோக்கி மடிகிறது, இரண்டில் கீழ்நோக்கி.

பீர்க்கன் (2 பை): கொடி பந்தல் ஏறிவிட்டது, பூ கொத்துக் கொத்தாக இருக்கிறது, பிஞ்சு இல்லை. வந்த இரண்டு பெண் பூவுக்கும் காலை 8 மணிக்குக் கைமகரந்தம் செய்தும் மஞ்சளாகி விழுந்தது.

கத்திரியில் ஒரு செடி மட்டும் துவண்டு நிற்கிறது.

போட்ட உரம்: முட்டை ஓட்டுத் தூள் பைக்கு 2 ஸ்பூன், வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். வெண்டையும் கொத்தவரையும் பிரமாதம். குண்டுமல்லி தினமும் இரண்டு கை மொட்டு தருகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம் என்று சொல்லவும் முடியவில்லை.

பதில் 1 – வேரடிமண்

முதலில் தண்ணீர். அதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

மத்தியானம் 2 மணிக்கு மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு பையின் ஓரத்தில் விரலை மூன்று அங்குலம் விட்டுப் பாருங்கள். கறுப்பு பை, கீழே சுடும் தளம், மேலே சூரியன் என்று மூன்று பக்கமும் சூடு. ஓரத்து மண் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். தக்காளியின் புது வேர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் ஓடும், முதலில் வேகுவதும் அதுதான்.

அடுத்தது நார்க்கழிவு. இரண்டு பங்கு அதிகம். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் ஊற்றும் மக் தண்ணீர் பைக்கும் மண்ணுக்கும் நடுவில் விழுந்த இடைவெளி வழியாக இறங்கி அடியில் ஓடிவிடும். ‘தண்ணி வடியுதே, போதும்’ என்று தோன்றும், நடுவில் தூள் பறக்கும். தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து, வேரை விட்டுத் தள்ளி, விரல் நீளத்துக்குக் குத்திக் கிளறிப் பாருங்கள். உள்ளே வெளிர்பழுப்பாக உலர்ந்திருந்தால் இதுதான் விஷயம்.

சரிசெய்வது: ஒரு அகலத் தொட்டியில் ஆறு அங்குலம் தண்ணீர் விட்டுப் பையை அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து ஊறி மேல்மண் கறுக்க வேண்டும். வெளியே எடுத்து முழுக்க வடியவிடுங்கள். தூக்க முடியாத பை என்றால் ஒரு குச்சியால் ஐந்தாறு இடத்தில் குத்தி, அரை மக் அரை மக்காகப் பத்து நிமிட இடைவெளியில் நாலு தடவை ஊற்றுங்கள். அதற்குப் பிறகு இந்த மாதத்தில் வளர்ந்த தக்காளிக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் வரை தேவைப்படும். காலை ஏழுக்குள் முக்கால் பங்கு, மாலை ஐந்தரைக்கு மேல் மீதி. குழாயில் நிற்கும் சூட்டுத் தண்ணீரை முதலில் வாளியில் பிடித்து ஒதுக்கிவிடுங்கள், மாலையில் அது தேநீர் போடும் சூட்டில் வரும்.

பைகளுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். பைகளை நெருக்கி வையுங்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் பக்கவாட்டில் விழட்டும். வெண்டை, கொத்தவரைப் பைகளை மேற்கு ஓரத்துக்கு மாற்றுங்கள், அவை தாங்கும். வெளிவரிசைப் பைகளைச் சுற்றிப் பழைய வெள்ளை வேட்டித் துணி அல்லது சாக்கு. மேலே இரண்டு அங்குலம் மூடாக்கு: சருகு, கரும்புத் தோகை, எது கிடைத்தாலும் சரி. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு அங்குலம் தள்ளி.

இனி தக்காளி அடிக்கறுப்பு. இது நோயில்லை, பூச்சியில்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அது இல்லை என்று அர்த்தமில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் அது மேலே ஏறும், ஒருநாள் காய்ச்சல் ஒருநாள் பாய்ச்சல் என்றால் ஏறாது. கழுவாத நார்க்கழிவில் இருக்கும் பொட்டாஷும் உப்பும் போட்டிக்கு வேறு நிற்கின்றன. முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு அது உதவாது. கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், தேறாது.

பூ உதிர்வது தனிக் கதை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் செத்துவிடும். பூ நன்றாகத்தான் தெரியும், காம்பு முட்டியில் மஞ்சளாகிக் கழன்றுவிடும். காலை 8 முதல் 10 மணிக்குள் பூங்கொத்துக் காம்பை விரலால் சுண்டிவிட்டால் கொஞ்சம் பிடிக்கும். சித்திரை பிறந்தபின் அதுவும் கஷ்டம். புண்ணாக்குக் கரைசலை உடனே நிறுத்துங்கள். தழைச்சத்து ஏறினால் இலை தளதளவென்று வரும், பூ நிற்காது, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்து வைத்ததாகவும் ஆகும்.

பதில் 2 – பந்தல்காரி

பீர்க்கனுக்கு மட்டும் சொல்றேன்.

காலை 8 மணி ரொம்ப லேட். பீர்க்கன் பூ சாயங்காலம் விரியும், அஞ்சு ஆறு மணிவாக்கில். மகரந்தம் அப்பத்தான் புதுசு. சுரையும் சாயங்காலம்தான். புடலை இருட்டினப்புறம். பாகல், வெள்ளரி, பூசணி, நுரைப்பீர்க்கன் இதெல்லாம் காலையில. இந்தக் கணக்கு தெரியாம எல்லாத்துக்கும் காலையில தூரிகையோட போய் நிக்கிறதுதான் மாடித்தோட்டத்துல அதிகம் நடக்கிற தப்பு.

ஆண் பூ கொத்தா வரும், பெண் பூ தனியா, அடியில விரல்நுனி அளவு வரிப்பிஞ்சோட வரும். ஆண் பூவைக் காம்போட பறிச்சு, இதழை எல்லாம் பின்னால மடிச்சுட்டு, மஞ்சத்தூளைப் பெண் பூ நடுவுல இருக்கிற சூல்முடியோட மூணு பக்கமும் தடவுங்க. ஒரு பெண் பூவுக்கு ரெண்டு ஆண் பூ. தடவின கையோட பிஞ்சுக்கு ஒரு பேப்பர் பை மாட்டி, காம்புப் பக்கம் நூல்ல தளர்வா கட்டிடுங்க. பழ ஈ முட்டையிடாம இருக்க.

விழுந்த பிஞ்சு இருந்தா கத்தியால நீளவாக்குல வெட்டிப் பாருங்க. நுனியிலேர்ந்து சுருங்கிக் காஞ்சிருந்தா மகரந்தம் சேரலை. மேல ஊசிக்குத்து மாதிரி புள்ளியும் அதுல பிசின் துளியும் இருந்தா, உள்ள வெள்ளைப்புழு நெளிஞ்சா, பழ ஈ. அதுக்குப் பொறி வாங்கினா கியூ லூர் (கொடிக்காய் ஈயை இழுக்கிற வாசனை மருந்து) கேளுங்க. மாமரத்துக்கு வைக்கிற மெத்தில் யூஜினால் பொறியைக் கொடுத்தா கொடிக்காய் ஈ வராது, ரெண்டும் வேற வேற ஈ.

ஆண் பூ மட்டும் வர்றது முதல்ல சகஜம்தான். ஆனா வெயிலும் தழைச்சத்தும் சேர்ந்தா அது ரொம்ப நாள் நீளும். கொடி ஆறு ஏழு அடி போனதும் நுனியைக் கிள்ளுங்க. பக்கக்கிளை வரும், அதுவும் பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் மறுபடி கிள்ளுங்க. மூணாம் தலைமுறைக் கிளையில பெண் பூ ஜாஸ்தி. கடைசியா ஒண்ணு, பீர்க்கனுக்கு 12 அங்குலப் பை காணவே காணாது. 18க்கு 18 குறைஞ்சபட்சம், பைக்கு ஒரு கொடி. இப்ப இருக்கிறதைப் பிடுங்கி மாத்தாதீங்க, வேர் தாங்காது. பைக்கு ரெண்டு கொடி இருந்தா ஒண்ணை அடியில வெட்டிடுங்க.

பதில் 3 – இலைமறைகாய்

மிளகாயில் உங்களுக்கு இரண்டு வேறு பிரச்சினை. இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டு எலிவால் போல ஆனால் மஞ்சள் சிலந்திப்பேன். வெள்ளைத்தாள் ஒன்றை நுனிக்கொழுந்தின் கீழே பிடித்து நாலு தட்டுத் தட்டுங்கள். சிறு கோடு போல வைக்கோல் நிறத்தில் எதுவோ ஓடினால் அது இலைப்பேன். சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

இரண்டுக்கும் முதல் வேலை கத்தரிக்கோல்தான். சுருண்ட நுனிகளை இரண்டு மூன்று அங்குலம் வெட்டி, நெகிழிப்பையில் கட்டிக் குப்பைக்கு. மட்கு உரக்குழியில் போடாதீர்கள். பிறகு மூன்று நாள் அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வறண்ட சூட்டில்தான் இலைப்பேன் பெருகும்.

அடுத்து வேப்பெண்ணெய். வரிசை முக்கியம்: காதி சோப்புக் கரைசல் 3 மில்லியில் வேப்பெண்ணெய் 5 மில்லியை விட்டுக் குழைத்துப் பால்போல் ஆனபின் ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரில் நேராக எண்ணெயை ஊற்றினால் மேலே மிதந்து, தெளிக்கும்போது ஓரிடத்தில் மொத்தமாக விழுந்து இலை கருகும். முதலில் ஒரு கிளையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு. மாலை ஐந்தரைக்கு முன் வேண்டாம், காய்ந்த செடியில் வேண்டவே வேண்டாம். அன்று காலை தண்ணீர் குடித்த செடியாக இருக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒட்டுப்பொறி வைத்தால் இலைப்பேனுக்கு நீலம், வெள்ளை ஈக்கு மஞ்சள்.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் என்று யாராவது சொல்வார்கள். மருந்து சரி, மாதம் தப்பு. 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைப் பொசுக்கும், எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தால் இன்னும் மோசம். திருச்சியில் ஐப்பசி மழை வந்து சூடு தணியும்வரை அதை அலமாரியிலேயே வையுங்கள்.

கத்திரி எப்போது துவள்கிறது என்று சொல்லவில்லையே? மத்தியானம் துவண்டு இரவில் நிமிர்ந்தால் கவலையில்லை. காலை ஆறு மணிக்கும் தலை தொங்கினால் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை தண்ணீரில் தொடும்படி கண்ணாடி டம்ளரில் தொங்கவிட்டு, ஆட்டாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். பால்நூல் போல வெள்ளையாக ஒழுகி இறங்கினால் பாக்டீரியா வாடல்.

மொட்டைமாடி_திருச்சி

மூவருக்கும் நன்றி. வேரடிமண் சொன்னதுபோல் குத்திப் பார்த்தேன், ஒன்பது பையில் உள்ளே காய்ந்த தூள். கத்திரி காலையிலும் தொங்கியது, டம்ளரில் வெள்ளை நூல் தெளிவாக இறங்கியது.

மூன்று சந்தேகம். தக்காளிக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றலாமா? நிழலுக்குப் பச்சை வலை 75 சதவீதம் வெயிலை மறைப்பது வாங்கலாமா, 50ஆ? குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தில் வீணாகும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா, போர் தண்ணீரை விட நல்லதுதானே?

வேரடிமண்

கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டாம். உள்ளே போன தண்ணீரின் உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் திரண்டு வருகிறது, உங்கள் போர் தண்ணீரை விட அது உப்பு. மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரிலேயே உப்பு சேரும்: பை விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, இலை நுனி கருகல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவிரிக் குடிநீர் ஏழெட்டு லிட்டரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால் உப்பு இறங்கிவிடும். சத்தும் கொஞ்சம் போகும், மறுநாள் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் தூவிவிடுங்கள்.

சுண்ணாம்பு வேண்டாம். கடினநீர் ஊரில் அது மண்ணின் காரத்தைத்தான் ஏற்றும். தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள், பத்து நாளில் புதுக்காய் சுத்தமாக வரும்.

வலை 75 என்றால் செடி குச்சியாக நீண்டு பூவே வைக்காது. காய்கறிக்கு 35, கிடைக்காவிட்டால் 50. கீரைக்கும் நாற்றுக்கும் 50 நல்லது. தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் கட்டுங்கள், மேற்குப் பக்கம் மட்டும் இரண்டு மூன்றடி கீழே இறக்குங்கள். நாலு பக்கமும் மூடினால் வலைக்குள் சூடு தேங்கும். பீர்க்கனுக்கும் வெண்டைக்கும் மல்லிக்கும் வலையே வேண்டாம், குண்டுமல்லியை நிழலில் வைத்தால் அந்த இரண்டு கை மொட்டும் போய்விடும்.

இலைமறைகாய்

சுண்ணாம்பு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். வலையில் ஒரு சின்ன மாறுபாடு: மிளகாய்க்கு 50 அடித்தும் நன்றாகக் காய்க்கிறது, தக்காளிதான் அதில் சோம்பும்.

கத்திரிச் செடியை மண்ணோடு பையோடு வெளியேற்றுங்கள். அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்திரி மூன்றும் இனி கூடாது, மற்ற பைகளிலும் கலக்காதீர்கள். அந்தப் பை வடிந்த இடத்தைக் கழுவி, வெட்டிய கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்த பிறகு அடுத்த செடியைத் தொடுங்கள். நன்றாக இருக்கும் மற்ற கத்திரிகளை அக்னி நட்சத்திரம் முடிந்ததும் ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுக்கிளை விட்டு ஆடியில் மறுபடி காய்க்கும். தக்காளியை அப்படி இழுத்துப் பிடிப்பது வீண் வேலை. கடைசிக் காய்கள் லேசாகச் சிவக்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்கவையுங்கள், அணிலுக்கு முழுச்சிவப்பு வரை பொறுமை கிடையாது. பிறகு செடியை எடுத்துவிட்டுத் தண்டுக்கீரை விதையுங்கள், 35, 40 நாளில் பிடுங்கலாம்.

பந்தல்காரி

தண்டுக்கீரை விதையை நாலு பங்கு மணலோட கலந்து தூவுங்க. மேல மெல்லிசா மட்டும் மண் போர்த்துங்க. முளைக்கிற வரைக்கும் ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க, இல்லேன்னா எறும்பு ஒரே ராத்திரியில வரிசையா தூக்கிட்டுப் போயிடும். மூணாம் நாள் முளை தெரிஞ்ச உடனே சாக்கை எடுத்துடணும்.