அந்த இரண்டாவது லாம் எங்கிருந்து வந்தது?

தரங்கைவாசி:
எபிரேயத்தின் 'எலோஹிம்', அரமேயத்தின் 'எலாஹ்', அரபியின் 'அல்லாஹ்' ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்று ஏட்டுப்பூச்சி நேற்று வேறோர் இழையில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்காமல் கைதட்டியிருப்பதால் நான் கேட்கிறேன். எபிரேயச் சொல்லில் லகரம் ஒன்று. அரமேயச் சொல்லிலும் ஒன்று. அரபியில் மட்டும் லாம், அதாவது லகர எழுத்து, இரண்டு. அந்த இரண்டாவது லாம் எங்கிருந்து வந்தது? காதுக்கு ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாடுவதென்றால், பல்லுக்கும் பல்லாவரத்துக்கும் ஒரே வேர் என்று நாளை யாராவது நிறுவிவிடுவார்.

ஏட்டுப்பூச்சி:
அரபியில் 'இலாஹ்' என்றால் தெய்வம், அது பொதுப்பெயர், அதிலும் லாம் ஒன்றுதான். அதற்கு முன்னால், குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் 'அல்' என்ற முன்னொட்டு சேர்ந்து 'அல்-இலாஹ்' ஆகி, இடையில் நின்ற இகரம் வழக்கில் தேய்ந்து 'அல்லாஹ்' ஆயிற்று. ஆகவே நீங்கள் இரண்டாவது என்று எண்ணிக்கொண்டிருக்கும் கூடுதல் லாம் உண்மையில் முதலாவது. அது 'அல்' கொண்டுவந்த லாம். மக்களைக் குறிக்கும் 'அல்-உனாஸ்' என்பது 'அந்நாஸ்' ஆனதும் இப்படித்தான் என்று அரபி இலக்கணிகளே உவமை காட்டியிருக்கிறார்கள். இதே வேலையை எபிரேயம் 'ஹ' என்ற முன்னொட்டால் செய்து 'ஹ-எலோஹிம்' என்கிறது. அரமேயமோ சொல்லின் வாலில் ஓர் ஆகாரத்தை ஒட்டி 'எலாஹா' என்கிறது. மூன்று வீட்டுக்கும் கதவு உண்டு. ஒருவர் வாசலில் வைத்தார், ஒருவர் கொல்லையில் வைத்தார். சிலுவையில் எழுந்த கதறலை மாற்கு 'எலோயீ' என்றும் மத்தேயு 'ஏலீ' என்றும் எழுதியிருப்பதைத் தரங்கைவாசி அறியாதவர் அல்லர். அந்த இரண்டு வடிவங்களுக்கு இடையில் உறவு உண்டென்றால், மூன்றாவது வடிவத்திடம் மட்டும் ஏன் இத்தனை கறார்?

காயல் காற்று:
இருவருக்கும் மறுப்பு உண்டு. 'அல்லாஹ்' என்பதைக் கத்தரித்து 'அல்', 'இலாஹ்' என்று இரண்டு துண்டாக்கி மேசைமேல் வைக்கும் வேலையை ஏட்டுப்பூச்சி ஏதோ முடிந்துபோன வழக்கைப் போலப் பேசுகிறார். அது எதிலிருந்தும் பிறக்காத தனிப்பெயர் என்று ஃபக்ருத்தீன் ராஸி போன்ற பெரும் அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். காரணமும் இருக்கிறது. 'அல்' சேர்ந்த சொல்லை விளிக்கும்போது 'யா' என்ற விளிச்சொல் நேராக ஒட்டாது. அவர் காட்டிய அதே 'அந்நாஸ்' என்ற சொல்லைக் குர்ஆன் 'யா அய்யுஹன் நாஸ்' என்று இடையில் ஒரு சொல் வைத்துத்தான் விளிக்கிறது. ஆனால் நாம் 'யா அல்லாஹ்' என்று நேராகவே அழைக்கிறோம். அந்தத் தொடக்கம் வெறும் அலிஃப் லாமாக, அதாவது 'அல்' என்ற முன்னொட்டாக, இருந்தால் இப்படி அழைக்க முடியாது. உவமை காட்டுகிறவர் உவமையை முழுதாகப் படித்துவிட்டுக் காட்டியிருக்கலாம்.

தரங்கைவாசி:
காயல் காக்காவுக்கு நன்றி. அரபியை ஓதிப் பழகியவரே 'அல்' அங்கே இல்லை என்கிறார். 'அல்' இல்லையென்றால் இரண்டாவது லாம் எங்கிருந்து வந்தது? என் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

காயல் காற்று:
நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. வேர் இல்லை என்று நான் சொல்வது அந்தப் பெயரின் தனித்தன்மைக்காக. உறவு இல்லை என்று நீங்கள் சொல்வது வேறொரு கணக்குக்காக. 'எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே' என்று வேதமுடையோரிடம், அதாவது யூதரிடமும் கிறித்தவரிடமும், சொல்லும்படி குர்ஆனின் 29-ஆம் அத்தியாயம் 46-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. என் சொற்களை உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஏட்டுப்பூச்சி:
'யா அல்லாஹ்' என்பது வலுவான வாதம்தான். ஆனால் பாதி வாதம். நாள்தோறும் வாயில் வரும் 'பிஸ்மில்லாஹ்' என்ற தொடரை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள்: பி, இஸ்மி, அல்லாஹ். அலிஃபின் ஓசை எங்கே போயிற்று? 'அல்ஹம்து லில்லாஹ்' என்பதில் 'க்கு' என்று பொருள்படும் 'லி'யும் 'அல்லாஹ்'வும் சேரும்போது அலிஃப் ஒலியிலிருந்து மட்டுமல்லாமல் எழுத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. 'அல்' சேர்ந்த எந்தச் சொல்லின் முன்னாலும் 'லி' வந்தால் இதுவேதான் நடக்கும். பிறவிப் பெயரின் முதலெழுத்து இப்படி உதிராது. 'இப்ராஹீம்' என்பதற்கு முன்னால் 'லி' போட்டால் 'லிஇப்ராஹீம்' என்றுதான் வரும், 'லிப்ராஹீம்' என்று வராது. விளிக்கும்போது மட்டும் அலிஃப் அழுத்தமாக நிற்பது அந்தப் பெயருக்கு வழக்கு கொடுத்த சலுகை. இதைச் சென்ற ஆண்டே இதே களத்தில் விரிவாக எழுதினேன். அப்போது படிக்காதவர்கள் இப்போது புதிதாக எழுவது போல் எழுகிறார்கள்.

தரங்கைவாசி:
சென்ற ஆண்டு நீங்கள் எழுதியவை எல்லாம் நினைவில் இருக்கின்றன. 'யேகோவா' என்பது உச்சரிப்புப் பிழையில் பிறந்த சொல் என்று எழுதினீர்கள். சங்கீதம் 83:18-இல் அச்சாகி, எங்கள் பாட்டி கண்ணீரோடு சொல்லி வேண்டிய பெயரைப் 'பிழை' என்று ஒரே சொல்லில் தள்ளியவர், ஒரு லாமுக்கு மட்டும் பத்து வரியில் வக்காலத்து வாங்குகிறார். இந்தக் கரிசனம் ஏன் ஒருபக்கமாகவே பாய்கிறது?

ஏட்டுப்பூச்சி:
பாட்டியின் பக்தியை நான் தொடவில்லை. யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எபிரேய மெய்களே எபிரேய வேதத்தில் இறைவனுக்குரிய அந்தப் பெயர். கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாபிய அரசன் மேசா தன் வெற்றியைப் பொறித்த கல்லிலும், 1868-இல் அது கண்டெடுக்கப்பட்டபோது, அந்த நான்கு எழுத்துகள்தாம் இருந்தன, உயிர்க்குறி இல்லை. யூதர்கள் அதை வாய்விட்டுச் சொல்லாமல், அந்த இடம் வந்ததும் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று படித்தார்கள். சாக்கடல் சுருள்கள் சிலவற்றில் மற்ற எழுத்தெல்லாம் அன்றைய சதுர எழுத்தாக ஓட, அந்தப் பெயர் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் தனித்து நிற்பதைப் படத்தில் பார்த்தாலே அந்த அச்சம் புரியும். பிற்காலத்தில் எபிரேய வேதத்தைப் படியெடுத்துக் காத்த மசோரேத்தியர்கள் என்ற யூத அறிஞர்கள் மெய்களுக்கு உயிர்ப்புள்ளியிட்டபோது, 'இங்கே அதோனாய் என்று படி' என்று நினைவூட்ட அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இந்த மெய்களின்மேல் வைத்தார்கள். ஒரு சொல்லின் மெய்யையும் இன்னொரு சொல்லின் உயிரையும் சேர்த்துப் படித்த ஐரோப்பியர்களால் வந்த கலப்பு வடிவம்தான் 'யேகோவா'. 1008-ஆம் ஆண்டின் எபிரேய வேதப் பிரதியான லெனின்கிராட் சுவடியில் பெரும்பாலான இடங்களில் நடுவிலுள்ள ஓகாரப் புள்ளிகூட இல்லை. அந்தப் பெயரின் தேய்ந்த வடிவத்தை நீங்கள் 'அல்லேலூயா'வின் கடைசி எழுத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பாடுகிறீர்கள். எலியா, ஏசாயா, எரேமியா என்ற பெயர்களின் வாலிலும் அது இருக்கிறது. 'எலியா' என்ற ஒரே பெயரில் 'என் தேவன்' என்பதும் 'யா' என்பதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இடைச்செருகல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'ஒன்று' என்ற சொல்லை மூவரும் மூன்று பொருளில் பயன்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரே வேர்ச்சொல் என்பது ஒன்று, ஒரே பெயர் என்பது வேறு, ஒரே இறைவன் என்பது முற்றிலும் வேறு. எதைப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் என்ன? மலேசியாவில் கிறித்தவர்கள் தங்கள் மலாய் வெளியீடுகளில் 'அல்லாஹ்' என்று எழுதலாமா என்ற வழக்கு 1986-ஆம் ஆண்டின் அரசு ஆணையிலிருந்து கிளம்பி, 2009 இறுதியில் உயர் நீதிமன்றத்தில் ஒரு விதமாகவும், 2013-இல் மேல்முறையீட்டில் நேர்மாறாகவும், 2021-இல் வேறொருவர் தொடுத்த வழக்கில் மீண்டும் அனுமதிக்கும் விதமாகவும் தீர்ந்தது. அங்கேயும் இந்தக் குழப்பம்தான்.

ஏட்டுப்பூச்சி:
வரையறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலேசியாவை இழுக்கத் தேவையே இல்லை. 1865-இல் பெய்ரூட்டில் வெளிவந்த அரபி வேதாகமத்தின் முதல் வசனத்திலேயே படைத்தவர் 'அல்லாஹ்'தான். பத்தாம் நூற்றாண்டில் யூத வேதமான தோராவை அரபியாக்கிய யூத அறிஞர் சாதியா காவோனும் அதே பெயரைத்தான் எழுதினார். மால்டாத் தீவின் கத்தோலிக்கர்கள் இன்றும் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். அவர்களிடம் போய் லாம் எண்ணச் சொல்லுங்கள்.

தரங்கைவாசி:
மொழிபெயர்ப்பைக் காட்டி வேர்ச்சொல்லை நிறுவ முடியுமா? 'எலோஹிம்' என்ற எபிரேயச் சொல்லுக்கு எங்கள் தரங்கம்பாடியில் வேதாகமத்தைத் தமிழாக்கிய சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்று எழுதினார். பின்வந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் பவர் என்பவர் தலைமையில் வந்த தமிழ் வேதாகமத் திருப்புதலில் அது 'தேவன்' ஆயிற்று. அதற்காகத் 'தேவன்' என்பதும் 'எலோஹிம்' என்பதும் ஒரே வேர் ஆகிவிடுமா? அரபிக் கிறித்தவர் தம் மொழியில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

காயல் காற்று:
கிடைத்த சொல்லா? நபிகளாரின் தந்தையின் பெயரே அப்துல்லாஹ். குர்ஆன் இறங்குவதற்கு முன்பே அந்தப் பெயர் அரபியரின் வாயில் இருந்தது. அதைச் சந்தையில் கிடைத்த பொருளைப் போலப் பேசுவது நாகரிகம் அல்ல.

தரங்கைவாசி:
'சர்வேசுரன்' என்பதையும் அப்படித்தான் சொன்னேன். அதற்கு எவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இடைச்செருகல்:
'சர்வேசுரன்' கத்தோலிக்கரிடமும் நெடுநாள் வழங்கிய சொல். தரங்கம்பாடி மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

தரங்கைவாசி:
உரிமை கொண்டாடியது யார்? எழுதியதைப் படித்துவிட்டு இடைச்செருகவும்.

ஏட்டுப்பூச்சி:
பேச்சு நழுவுகிறது. மொழிபெயர்ப்பு வேருக்குச் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. நான் அதை வேருக்குச் சான்றாகக் காட்டவும் இல்லை. என் சான்று ஒலியிலும் இலக்கணத்திலும் இருக்கிறது. யோபுவின் நூலில் அடிக்கடி வரும் 'எலோவாஹ்' என்ற ஒருமை வடிவத்தைப் பாருங்கள்: அலெஃப், லாமெத், ஹே. அரபியின் 'இலாஹ்': அலிஃப், லாம், ஹா. எபிரேயம் ஆகாரத்தைப் பல இடங்களில் ஓகாரமாக்கும் மொழி; அரபியின் 'ஸலாம்' அங்கே 'ஷாலோம்' ஆவதைப் போல 'இலாஹ்' அங்கே 'எலோவாஹ்' ஆகிறது. ஒரு சொல்லில் நடந்தால் தற்செயல் எனலாம். மொழி முழுவதும் வரிசையாக நடந்தால் அதற்குப் பெயர் உறவு.

தரங்கைவாசி:
ஸலாமில் லாம் ஒன்று. ஷாலோமிலும் ஒன்று. நீங்களே காட்டிய சான்றில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. 'அல்லாஹ்'வில்தான் இரண்டு. அந்த இரண்டாவது லாம் எங்கிருந்து வந்தது?

ஏட்டுப்பூச்சி:
முதலாவது லாம். 'அஸ்ஸலாம்' என்று சொல்லும்போது ஸீன் இரட்டிப்பதும் அந்த 'அல்' செய்யும் வேலைதான்; அங்கே மட்டும் எண்ண மறந்துவிட்டீர்கள்.

காயல் காற்று:
'அஸ்ஸலாம்' பொதுச்சொல்லிலிருந்து வந்தது. 'அல்லாஹ்' அப்படி அல்ல என்பதுதான் என் முதல் பதிவு. மேலும் 'அப்துல்லாஹ்' என்னும்போது கனத்தும் 'பிஸ்மில்லாஹ்' என்னும்போது மெலிந்தும் ஒலிக்கும் அந்த லாம் 'இலாஹ்' என்ற சொல்லில் ஒருபோதும் கனப்பதில்லை. ஒரே லாம் என்றால் இதற்கு ஏட்டுப்பூச்சி பதில் சொல்லட்டும்.

ஏட்டுப்பூச்சி:
சொல்கிறேன். கனத்த லாம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இன்றிரவு எழுதுகிறேன். அதற்குள் யாரும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

தரங்கைவாசி:
கனத்ததோ மெலிந்ததோ, இரண்டு இருப்பதை மட்டும் மறக்காமல் எழுதவும்.