‘புவித்தடை’க்குப் பதிலாக ஒரு சொல்: ஓடைச்சேவைகளின் நாட்டுவாரிப் பட்டியல்

கிளிநொச்சியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

நெட்ஃபிளிக்ஸ் போல இணையத்தில் தொடரும் படமும் காட்டும் சேவைக்கு (ஸ்ட்ரீமிங்) ‘ஓடைச்சேவை’ என்ற கலைச்சொல்லை ஏற்று அந்த மடல் இழையை மூடிவிட்டோம். எனக்கு அதில் இப்போதும் முழு மனமில்லை. ஓடை தன்பாட்டில் ஓடும், கோடையில் வற்றும். இதுவோ பார்ப்பவர் கேட்டால் மட்டும் வருவது. ஆனால் எழுதுகிறவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள், இனி அதைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. இந்த மடல், நம் கலைச்சொல் பட்டியலில் அடுத்ததாக நிற்கும் ‘புவித்தடை’ பற்றியது. ஒரு நாட்டில் கிடைக்கும் தொடர் இன்னொரு நாட்டில் கிடைக்காமல் இருப்பதற்கு அந்தச் சொல்லை முன்மொழிந்திருக்கிறார்கள். அதற்கு என் வாக்கு இல்லை.

நான் ஏ9 வீதியோரம் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். திருத்த வேலை, ரீலோட், ரிவியில் ஆப் போட்டுக் கொடுப்பது எல்லாம் உண்டு. பின்னேரங்களில் வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: “அண்ணை, அந்தக் கொரியன் நாடகம் எதில வரும்? எதுக்குக் காசு கட்டுறது?” இங்கே ‘தொடர்’ என்று யாரும் சொல்வதில்லை. கொரியாவோ துருக்கியோ ஸ்பெயினோ, எல்லாம் நாடகம்தான்.

ஒரு அக்கா, ரொறன்ரோவில் இருக்கும் தங்கை சொன்ன நாடகத்துக்காக ஒரு சேவையில் சேர்ந்தார். அவரிடம் கடனட்டை இல்லை. மகனின் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறக்கச் சொல்லி வங்கிக்கு நடந்து, ஒரு மாதக் காசையும் கட்டியாயிற்று. பெயரைத் தட்டித் தேடினால் அதைப்போல வேறு எதை எதையோ காட்டுகிறதே தவிர, அது இல்லை. முதலில் போன் பழுது என்றார், பிறகு ‘கவரேஜ்’ இல்லை என்றார், பிறகு மகன் எதையோ அமத்திவிட்டான் என்றார். கடையில் நின்ற ஒருவர், “உங்கட போனுக்குத் தடை போட்டிருக்கு அக்கா” என்று சொல்ல, அவர் முகம் மாறிவிட்டது.

‘தடை’ என்ற சொல் செய்கிற வேலை இதுதான். வன்னியில் அந்தச் சொல்லுக்குச் சொந்தமான நினைவுகள் வேறு: போர்க்காலத்து மண்ணெண்ணெய்த் தடை, பற்றரித் தடை, பாதைத் தடை. எங்கோ மேலே இருந்து யாரோ உங்களைக் குறிவைத்து நிறுத்திவிட்டார்கள், ஆளைப் பிடித்தால் அல்லது சுற்றிப்போனால் கிடைக்கும் என்ற பொருள் அதில் ஒட்டியே வரும். இங்கே நடப்பது அது அல்ல.

ஒரு தொடரை எடுத்த நிறுவனம் அதை உலகம் முழுவதற்கும் ஒரே கையில் விற்காமல், நாடு நாடாகவோ பிராந்தியமாகவோ, இத்தனை வருடத்துக்கு என்று காலம் போட்டு விற்பது வழக்கம். கனடாவில் ஒரு சேவை வாங்கியிருக்கும், பிரித்தானியாவில் இன்னொன்று. இலங்கைக்கு என்று யாருமே வாங்காமலும் விட்டிருக்கலாம். இரண்டு கோடிச் சொச்சம் பேர், அதில் அட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவு, எவர் அவசரப்பட்டு வாங்கப் போகிறார்கள்? 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரேயடியாக 130 புதிய நாடுகளில் தொடங்கியபோது இலங்கையும் அதில் இருந்தது. சேவை எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வந்தாலும் உள்ளே இருந்த பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு. உலக உரிமை தன் கையில் உள்ளதை எங்கும் காட்டும். பிறரிடம் வாங்கியதை வாங்கிய நாட்டில் மட்டும் காட்டும்.

வெளிநாட்டு உறவினரின் கணக்கில் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் குழப்பம். கனடா மாமாவின் கணக்கு, மாமாவின் கடவுச்சொல், ஆனால் மாமா அங்கே பார்க்கிற நாடகம் விசுவமடுவில் இல்லை. கணக்கு எங்கே திறக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பதில்லை. இந்த நேரம் எந்த நாட்டு இணைய (ஐபி) முகவரியிலிருந்து கேட்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டும் என்று 2023இல் நெட்ஃபிளிக்ஸ் இறுக்கிய பிறகு மாமாவின் தயவும் குறைந்துவிட்டது. “வீபீஎன் போட்டால் சரி” என்று பெடியள் சொல்வார்கள், வேறு நாட்டிலிருந்து கேட்பதுபோலக் காட்டுகிற ஆப் அது. வீபீஎன் வழியாக வருகிறீர்கள் என்று கண்டுகொண்டால், உலக உரிமை உள்ளவற்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை நெட்ஃபிளிக்ஸ் மறைத்துவிடும். இலங்கைக்கு என்று வாங்கி வைத்ததும் அதோடு போய்விடும்.

டிவிடி காலத்திலும் இது இருந்தது. உலகத்தை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்துத் தட்டு மற்ற வலயத்துப் பெட்டியில் ஓடாதபடி செய்திருந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் வலயம். எங்கள் பக்கம் அதை யாரும் கவனித்ததே இல்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் கொப்பி அல்லவா, கொப்பிக்கு ஏது வலயம்!

சரி, என் முன்மொழிவு: நாட்டுப்பங்கு.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம், அதாவது கோடைக்கால நெல், செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, இந்தமுறை இத்தனை ஏக்கர் என்று முடிவெடுத்துப் பங்கு பிரிப்பார்கள். பங்கு கிடைக்காத வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் பழுது என்று யாரும் சொல்வதில்லை. “எங்கட காணிக்கு இந்தமுறை பங்கில்லை” என்பார்கள். ஒருவர் எடுத்த முடிவு, அதற்கொரு காலம், அதற்கொரு எல்லை, மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஓடைச்சேவையிலும் இதே மூன்றுதான்.

முக்கியமான விடயம், சொல் எப்போது வாய்க்கு வருகிறது என்பது. ‘புவித்தடை’ காசு கட்டி ஏமாந்த பிறகு வரும் சொல். ‘பங்கு’ என்றால் கட்ட முன்னமே கேட்கலாம்: “அண்ணை, இது இலங்கைப் பங்கில இருக்கோ?” சேவையைத் தெரிந்தெடுக்க உதவாத கலைச்சொல்லை வைத்து நாங்கள் என்ன செய்வது?

*

சென்னையிலிருந்து

அண்ணா, விளக்கம் அருமை. ‘தடை’ பற்றி நீங்கள் சொன்னது இங்கே எங்களுக்குத் தோன்றியிருக்காது. ஆனால் ‘நாட்டுப்பங்கு’ தமிழ்நாட்டில் நிற்காது என்று நினைக்கிறேன்.

இங்கே ‘பங்கு’ என்றதும் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். ‘நாட்டு’ என்று முன்னால் போட்டால் அதைவிட மோசம்: நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுமருந்து. ‘நாட்டுப்பங்கு’ என்றால் உள்ளூர்க் கம்பெனியின் பங்கு என்றுதான் படிப்பார்கள். கொரியத் தொடருக்கு நாட்டுப்பங்கா என்று சிரிப்பார்கள். ‘நாட்டுப்பட்டியல்’ என்று வைத்துக்கொண்டால் என்ன? அல்லது ‘தேசியப் பட்டியல்’?

ஆனால் பங்குக்குக் காலம் உண்டு என்றீர்களே, அதற்கு இங்கிருந்தே ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். அமெரிக்காவின் எச்பிஓ தொடர்களை நாங்கள் ஹாட்ஸ்டார் சேவையில் பார்த்துக்கொண்டிருந்தோம். 2023 மார்ச் கடைசியோடு அவை அங்கிருந்து போய்விட்டன. அந்த மே மாதத்தில் ஜியோசினிமா என்ற இன்னொரு சேவையில் வந்தன. வருடச் சந்தா கட்டியிருந்தவர்கள் வயிறு எரிந்து இன்னொரு சந்தா கட்டினார்கள். அப்புறம் 2025 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது, தொடர்களும் சுற்றிவிட்டுப் பழைய வீட்டுக்கே வந்தமாதிரி ஆயிற்று. நாடு மாறவில்லை, பார்க்கிறவரும் மாறவில்லை, உரிமை மட்டும் கை மாறியது. ‘புவித்தடை’ என்ற சொல் இதைச் சொல்லவே சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

*

கிளிநொச்சியிலிருந்து

தம்பி, ‘தேசியப் பட்டியல்’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்! இலங்கையில் அது தேர்தலில் நிற்காமலே பாராளுமன்றத்துக்குப் போகிறவர்களின் பட்டியல். “இந்த நாடகம் தேசியப் பட்டியலில் வந்தது” என்றால் ஊர் சிரிக்கும்.

பட்டியல் என்ற சொல்லோடு எனக்கு வேறு குறையும் உண்டு. பட்டியல் எழுதினதோடு சரி, யார் பிரித்தார்கள், எதுவரைக்கும் என்று அதில் ஒன்றும் இல்லை. உங்கள் எச்பிஓ கதையை விவசாயியிடம் சொன்னால், “அப்ப போகத்துக்குப் போகம் பங்கு மாறியிருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

நாட்டுக்கோழிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அது சரியான அடி.

*

வவுனியாவிலிருந்து

இருவருக்கும் வணக்கம். படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘நாட்டு’ என்ற முன்னொட்டு தேவையே இல்லையே? எந்த நாடு என்பதை வசனத்தில் எப்படியும் சொல்லத்தான் போகிறோம். ‘காட்சிப்பங்கு’ என்று வைத்தால் இலங்கைக் காட்சிப்பங்கு, கனடாக் காட்சிப்பங்கு, இந்தியக் காட்சிப்பங்கு என்று முன்னால் நாட்டுப் பெயர் தானாக வந்து சேரும். ‘காட்சி’ முன்னால் நிற்பதால் பங்குச்சந்தை நினைப்பும் வராது. வேற்றுமை உருபு போட்டுப் பார்த்தேன்: காட்சிப்பங்கில், காட்சிப்பங்குக்கு, காட்சிப்பங்கிலிருந்து. வாயில் தடக்கவில்லை.

ஐரோப்பாவில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு விதியையும் இதை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். அங்கே காசு கட்டிச் சந்தா வைத்திருப்பவர் ஒன்றியத்துக்குள் தற்காலிகமாக இன்னொரு நாட்டுக்குப் போனால், சொந்த நாட்டில் பார்த்ததையே அங்கும் பார்க்கலாம். பரிசில் இருக்கும் அண்ணன் கலியாண வீட்டுக்கு ஜேர்மனி போனால் அவரது பிரெஞ்சுக் காட்சிப்பங்கு கூடவே போகும். அதே அண்ணன் சுவிஸுக்குப் போனால் போகாது, அது ஒன்றியத்துக்கு வெளியே. புவித்தடை என்ற சொல்லால் இதை எழுதினால் “தடை நீங்கும், பிறகு நீங்காது” என்று சுற்றி வளைக்க வேண்டிவரும்.

வரைவிலக்கணத்தில் மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளிநொச்சித் தம்பி. அம்மாவுக்கு வசனம் தமிழில் கேட்க வேண்டும். உபதலைப்பு ஓடுகிற வேகத்துக்கு அவரால் வாசிக்க முடியாது. நாடகம் இருக்கிறது என்று சொல்லிப் போட்டால், ஆங்கிலமும் கொரிய மொழியும்தான் நிற்கிறது. ஒரு நாட்டில் எந்தெந்த மொழிக் குரலும் உபதலைப்பும் காட்டுவது என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ‘இருக்கிறது’ என்ற பதிலோடு காசைக் கட்டினால் அதுவும் ஏமாற்றம்தான்.

*

சென்னையிலிருந்து

‘காட்சிப்பங்கு’க்கு என் ஆதரவு. ஒரே ஒரு ஐயம். நேரலையில் காட்டும் கிரிக்கெட்டும் நாட்டுக்கு நாடு உரிமை விற்கப்படுவதுதான். அதற்கும் இதே சொல்லா? பாட்டுச் சேவைகளுக்கு? ‘காட்சி’ அங்கே பொருந்தாதே.

*

கிளிநொச்சியிலிருந்து

கிரிக்கெட்டுக்குத் தாராளமாகப் பொருந்தும், அதுவும் காட்சிதான். பாட்டுக்கு ‘இசைப்பங்கு’ என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை இன்றைக்கே முடிவுசெய்யத் தேவையில்லை. பொதுச்சொல்லாகப் ‘பங்கு’, முன்னால் பண்டத்தின் பெயர், அதற்கும் முன்னால் நாட்டின் பெயர். வவுனியா அக்காவின் திருத்தத்தையும் சேர்த்துப் பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

காட்சிப்பங்கு: ஓர் ஓடைச்சேவை, குறித்த நாட்டில், குறித்த காலத்துக்கு, குறித்த மொழிகளில் காட்ட உரிமை பெற்ற தொடர்களும் படங்களும் நேரலைகளும். எ-டு: “அந்தத் தொடர் இலங்கைக் காட்சிப்பங்கில் இல்லை, இந்தியக் காட்சிப்பங்கில் தமிழ்க் குரலோடு இருக்கிறது.”

உலக உரிமையோடு எல்லா நாட்டிலும் கிடைப்பதை ‘பொதுப்பங்கு’ எனலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘புவித்தடை’யை முழுதாகத் தூக்கி எறியவும் வேண்டாம். அரசாங்கம் ஒன்று கட்டளை போட்டு ஒரு சேவையையே மூடினால் அது தடைதான், அதற்கு அந்தச் சொல் கிடக்கட்டும்.

அடுத்த இழைக்கு ஒன்று. தொடரைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் செய்து வைத்திருப்பார்கள். உங்கள் இணைப்பு இழுக்கிற அளவைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று ஆப் தானே தீர்மானிக்கும். இரவு எட்டு மணிக்குப் புதுக்குடியிருப்பில் எல்லோரும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது முகம் கலங்கி, பதினொரு மணிக்குத் தெளிவது இதனால்தான். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை போகும். டேட்டா காட் போட்டுப் பார்ப்பவருக்கு இது பத்து மடங்குச் செலவு. தரம் இப்படித் தானே மாறுவதற்குத் ‘தகவமை ஓடை’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கடையில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.