தனியாக வந்திறங்கும் வடமாநிலப் பிள்ளைகள்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

வில்லியனூர் வாசகி:
ஹவுராவிலிருந்து புதுச்சேரி வரும் வாராந்திர ரயில். எதிர் இருக்கையில் ஒரியாப் பையன்கள் சிலர், கூடவே ஓர் ஆள். எல்லோருக்கும் பதினெட்டு முடிந்துவிட்டதாம். கடைசிப் பையனுக்கு மேலுதட்டில் பூனைமுடிகூட அரும்பவில்லை. பெயர் கேட்டேன், அந்த ஆள் சொன்னார். ஊர் கேட்டேன், அதற்கும் அவரே பதில். பையன் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோருடைய ஆதார் அட்டையும் அதற்குள் இருந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தேன், ஆட்களும் வந்தார்கள். ஆனால் இறங்கிய நெரிசலில் அந்த ஆள் மற்றவர்களோடு நழுவிவிட்டார். சின்னவன் மட்டுமே கிடைத்தான். மற்றவர்கள் எந்தப் பட்டறையில் இருக்கிறார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

முதுநகர் அன்பன்:
சகோதரி, இத்தனை அலைச்சல் எதற்கு? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகையிலிருந்து ஓடிவந்த பையன் ஒருவன் கடலூர் பஸ் நிலையத்தில் அழுதுகொண்டு நின்றான். உள்ளங்கையெல்லாம் முந்திரிக்கொட்டை ஓட்டின் காரப்பால் பட்டுக் கருகித் தோல் உரிந்திருந்தது. சாப்பாடு வாங்கிக் கொடுத்து, படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுப் பணம் திரட்டி, அன்றே ரயிலேற்றிவிட்டோம்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்:
அன்பரே, உங்கள் இரக்கத்தை மதிக்கிறேன். செய்த முறையை ஏற்க மாட்டேன். அந்த வீடு முன்பணம் வாங்கியிருந்தால், அதே தரகர் அடுத்த வாரமே பையனை வேறு ஊருக்குக் கூட்டிப்போவார். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். சொந்த மாவட்டத்தில் வீட்டு நிலைமையை விசாரித்துத்தான் அனுப்புவார்கள். படம் வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம்; தரகர் கண்ணிலும் அந்தப் படம் படும் அல்லவா?

வயது விஷயத்தில் ஆதாரில் பதினெட்டு என்றிருப்பதைக் கண்டு மலைக்காதீர்கள். முதலில் பள்ளிச் சான்று, அடுத்து உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. வேலை கொடுத்தவரிடமிருந்து வரவேண்டிய கூலிபாக்கியையும் விட்டுவிடாதீர்கள். பையன் ஊர் போய்விட்டால் அதைக் கேட்க நாதி இருக்காது.

நான் கண்டதையும் சொல்கிறேன். ஒரு விசாரணையில் பிள்ளைக்கு மொழிபெயர்க்கக் கூட்டிவந்த ஆளைக் கண்டதும் அவன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். அவர்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். தயவுசெய்து கூட வந்தவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். வேறு ஆளைக் கேட்டு வாங்குங்கள்.