தறி அதிர்வுக்கு நடுவே பிராட்பேண்ட் நிலநடுக்கமானி வேலை செய்யுமா?

கேள்வி (பல்லடம்):
வணக்கமுங்க. எங்கள் வீட்டை ஒட்டி 12 விசைத்தறி ஓடுகிறது. சுவரில் கை வைத்தாலே அதிரும். 1900 பிப்ரவரி 8-இல் கோவைப் பக்கம் வந்த நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்த மகள், "இந்தத் தறி ஆட்டத்துல மெஷின் எப்படிப்பா பிரிச்சுப் பார்க்கும்?" என்கிறாள். பிராட்பேண்ட் கருவி பழையதைவிட எதில் உசத்தி?

பதில் (கோபி):
அருமையான கேள்விங்க. பிராட்பேண்ட் என்றால் இங்கே வேக அலை, மெதுவான அலை எல்லாவற்றையும் ஒரே கருவியில் பதிவது. நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் பல வருடம் இந்தக் கருவிகளோடு இருந்தவன் நான்.

பழைய கருவி ஸ்பிரிங்கில் தொங்கும் எடைதான். தரை ஆடும்போது எடை பின்தங்கும், அந்த வித்தியாசம் பதிவாகும். சிக்கல் மெதுவான அலையில். ஒரு தரம் ஆடிவர 100 விநாடி ஆகும் ஊசலைச் சாதாரணமாகக் கயிற்றில் கட்டினால் 2.5 கிலோமீட்டர் கயிறு வேண்டும். தொட்டபெட்டா உயரமே 2,637 மீட்டர்தான்!

அதனால் 1960-களில் உலகம் முழுக்க நிறுவிய நிலையங்களில், கொடைக்கானல் உட்பட, வேக அலைக்கு ஒன்று, மெதுவான அலைக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவி வைத்தார்கள். பதிவு போட்டோ காகிதத்தில். கடல் அலையால் தரையில் 6 விநாடிக்கு ஒரு தரம் போல வரும் கடல் அதிர்வு தொந்தரவு என்று அந்த வகை அலையை இரண்டு கருவியிலும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். சலித்த மாவுதான் கைக்கு வரும். தவிடு வேண்டுமென்றால் கிடைக்காது.

வீலாண்ட், ஸ்ட்ரெக்கைசன் என்ற இருவரும் சுவிட்சர்லாந்தில் உருவாக்கி 1982-இல் விவரித்த எஸ்.டி.எஸ்-1 என்ற பிராட்பேண்ட் கருவி இதை மாற்றியது. தராசு முள்ளை நகரவிடாமல் எடைக்கல்லைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால், வைத்த கல்லே கணக்கு இல்லையா? அதே வேலைதான். எடை நகரப் பார்த்ததும் மின்சுருள் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்குப் போன மின்சாரம்தான் பதிவு. விநாடிக்குப் பலமுறை துடிக்கும் அலையிலிருந்து 360 விநாடி அலை வரைக்கும் ஒரே கருவியில் சீராகக் கிடைத்தது. அசைவை மிக நுணுக்கமாக எண்ணாக்கும் 24 பிட் டிஜிட்டல் பதிவும் சேர்ந்ததும் சின்ன அசைவும் பெரிய ஆட்டமும் ஒரே கோப்பில் அடங்கின. சலிப்பதைப் பிறகு கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

தறி விநாடிக்கு இரண்டு மூன்று அடி அடிக்கும். தூரத்துப் பெரிய நிலநடுக்கத்தின் 20 விநாடி அலையை அதிலிருந்து பிரித்துவிடலாம். பக்கத்தில் வரும் சின்ன நடுக்கம் மட்டும் தறியோடு கலந்துவிடும். அதனால்தான் ஊரைவிட்டுத் தள்ளி, பாறை மேல் வைக்கிறோம்.

பதில் (காங்கேயம்):
எங்கள் பக்கம் குவாரியில் வெடி வைத்தால் ஜன்னல் ஆடும். அதுவும் பதிவாகுமா அண்ணா?

பதில் (கோபி):
கட்டாயம் ஆகும். வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். நிலநடுக்கத்தில் பாறை வழுக்குவதால் ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். பல நிலையங்களின் முதல் அசைவைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆனால் இந்தக் கருவி ரொம்ப நாசூக்கு. ரசமட்டம் பார்த்து, வடக்கு பார்த்து வைத்து, தெர்மோகோல் பெட்டியால் மூடி, அடங்க ஒரு நாள் விட வேண்டும். ஒரு நிலையத்தில் கதவு ரப்பர் தேய்ந்து காற்று புகுந்ததால், வெயில் ஏற ஏறக் கோடும் ஏறியது. காரணம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. தராசுக் கணக்கை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கடல் அதிர்வு பல்லடம் வரைக்கும் வருமா என்று அடுத்த கேள்வி கேட்டுவிட்டாள்.

பதில் (கோபி):
வருங்க பாப்பா. இரவு தறியெல்லாம் நின்ற பிறகும் அது நிற்காது.