முஸ்தன்சர் உசைன் தாரர்: எதில் ஆரம்பிக்கலாம்?

கேள்வி: இவர் பயண எழுத்தாளரா, நாவலாசிரியரா? உருது எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்.

பதில்: ரெண்டும்தான். 1939-ல் பிறந்த லாகூர்க்காரர். 1957-லேயே மாஸ்கோ இளைஞர் விழாவுக்குப் போனவர். ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு எழுதிய 'நிக்லே தேரி தலாஷ் மேங்'தான் பேர் வாங்கித் தந்தது. பிற்பாடு பி.டி.வி. (பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சி) காலை நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்கு 'சாச்சா ஜி', அதாவது சித்தப்பா. பயண நூலில் ஆரம்பியுங்கள், சரளமா ஓடும்.

பதில்: என் ஓட்டு 'பஹாவ்' நாவலுக்கு. சிந்துவெளிக் காலத்து ஊர், ஆறு வற்றிக்கொண்டே வருது. பாரோஷ்ணின்னு ஒருத்தி, மறக்கவே முடியாது. டிவி புகழில் இந்த நாவலாசிரியரைப் பாதிப்பேர் கவனிக்கவே இல்லைங்கிறது என் ஆதங்கம்.

கேட்டவர்: எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு 'பஹாவ்' தாங்குமா?

பதில்: தாங்காது சார். பழஞ்சொல் நிறைய. முதல்ல 'கே2 கஹானி' படிங்க, கே2 மலைப்பக்கம் போன பயண நூல்.